நீ கேட்டால் சட்டம் மாறும்!

“நான் ஒரு ஆள் கத்தி என்ன ஆகப்போகிறது?”

இப்படிச் சொல்லாத நாக்கு நம்மிடையே உண்டா? டீக்கடையில் சொல்கிறோம். பேருந்தில் சொல்கிறோம். அநியாயம் கண்ணெதிரே நடக்கும்போது, பெரிய அடக்கசாலிகள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறோம். தம்பி, தங்கையே, அதில் அடக்கம் எள்ளளவும் கிடையாது. தோற்றால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்தான் அடக்கத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. கழற்றி வீசு அந்தச் சட்டையை! இன்று உன்னை ஒரு பெரிய சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன். அதில் போய் முட்டியவர்களை நீ பார்க்க வேண்டும்.

அந்தச் சுவரின் பெயர் துப்பாக்கிச் சட்டம்.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை 1791 முதல் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அதற்குக் காவல் நிற்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1871-இல் பிறந்தது. எந்த அரசியல்வாதி தன் பக்கம், எவர் எதிர்ப்பக்கம் என்று மதிப்பெண் போட்டுத் தேர்தல் வேலை பார்க்கும் அமைப்பு அது. அந்த நாட்டில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். 2017-ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீட்டின்படி பொதுமக்கள் கையில் மட்டும் 39 கோடிக்கு மேல்! சாசனமும் பணமும் ஓட்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிரே வந்து நின்றவர்கள் யார்? வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. விமானத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பணிப்பெண். மீசைகூடச் சரியாக முளைக்காத பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

ஜெயிப்போமா என்று தெரியாமலே வாய்திறந்து கேட்பது. தன்னம்பிக்கைக்கு நான் அறிந்த விளக்கம் இது ஒன்றுதான். கேட்டவர்களின் வரலாற்றைச் சொல்கிறேன், கேள்.

மூச்சை அடக்கும் வகுப்பறை

அமெரிக்காவில் இருக்கும் உன் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசிப் பார். எடிசனோ டாலஸோ, எந்த ஊர்ப் பிள்ளையானாலும் இதைச் சொல்லும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. டீச்சர் ஓடிப்போய்க் கதவைப் பூட்டுகிறார். விளக்கை அணைக்கிறார். ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறார். ஆறு வயதுப் பிள்ளைகள், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்காருகின்றன. இருமக் கூடாது. சிரிக்கக் கூடாது. வெளியே கதவுப்பிடியை யாராவது அசைத்தாலும் குரல் எழுப்பக் கூடாது. சில நிமிடம் கழித்து எல்லாம் முடிந்தது என்கிறார்கள். விளக்கு எரிகிறது. கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்கிறார்கள்.

இது ஒத்திகை. துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் புகுந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். நாம் கண்ணாமூச்சி ஆடிய வயதில் அந்தக் குழந்தைகள் உயிருக்கு ஒளியப் பழகுகின்றன.

2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் துப்பாக்கிக்குத்தான். சாலை விபத்தையும் புற்றுநோயையும் அது முந்திவிட்டது. பள்ளிப் படுகொலைதான் செய்தியாகிறது. அதைவிடப் பல மடங்கு சாவுகள் தெருவிலும் வீட்டிலும் நடக்கின்றன. மேசை இழுப்பறையில் அப்பா வைத்த கைத்துப்பாக்கியைத் தம்பி எடுத்து அக்காவை நோக்கி விளையாட்டாக நீட்டுகிறான். மனம் உடைந்த பதினாறு வயதுப் பையனுக்கு அந்த ஒரு நிமிட இருட்டில் கைக்கெட்டும் தூரத்தில் அது கிடக்கிறது. பூட்டியிருந்தால் அந்த அக்காவும் அந்தப் பையனும் பிழைத்திருப்பார்கள்.

அப்படியானால் சட்டத்தை மாற்றச் சொல்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? நாட்டிலுள்ள துப்பாக்கியையெல்லாம் பிடுங்கிக் கடலில் போடச் சொல்கிறார்களா? அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளை மூன்று சொல்லில் அடக்கிவிடலாம். பூட்டு. பொறு. சரிபார். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வை. கோபத்தில் கடைக்கு வருகிறவனுக்கு உடனே தூக்கிக் கொடுக்காமல் சில நாள் பொறுக்கச் சொல். வாங்குகிறவன் யார், அவன்மேல் வழக்கு உண்டா, ஆபத்தின் அறிகுறி உண்டா என்று சரிபார். போர்க்களத்துக்கு ஏற்ற துப்பாக்கி கடைத்தெருவில் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. இவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் அங்கே இத்தனை தைரியம் தேவைப்பட்டிருக்கிறது!

ஒரு கோரிக்கை, ஏழு லட்சம் கையெழுத்து

1996, மார்ச் 13. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிற்றூர். தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நான்கு கைத்துப்பாக்கிகளோடு ஒருவன் நுழைந்தான். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் 16 பேரையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்த துப்பாக்கிகள் அத்தனைக்கும் முறையான லைசென்ஸ் இருந்தது. சட்டத்தை மீறி அவன் துப்பாக்கி வாங்கவில்லை. சட்டமே எடுத்துக் கொடுத்திருக்கிறது.

ஊர் அழுதது. உலகமே அழுதது. அழுகை ஓயுமுன் ஆன் பியர்ஸ்டன் என்ற பெண்ணும் தோழிகளும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அரசியல் அனுபவம் ஏதுமில்லாத சாதாரணக் குடும்பப் பெண்கள். அந்த மார்ச் மாதக் குளிரில் அங்கே பூத்திருந்தது ஸ்நோட்ராப் என்ற சின்ன வெள்ளைப் பூ ஒன்றுதான். அதன் பெயரையே இயக்கத்துக்கு வைத்தார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: தனியார் கையில் கைத்துப்பாக்கி கூடாது. கடைவீதியில் நின்று காகிதத்தை நீட்டினார்கள். கோடை முடியுமுன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் நாடாளுமன்ற வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? குறிபார்த்துச் சுடுவது எங்கள் விளையாட்டு, ஒருவன் செய்த பாவத்துக்கு எங்கள் எல்லோரையும் தண்டிப்பதா என்று துப்பாக்கிக் கழகங்கள் கொதித்தன. விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் அறிக்கைகூட முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. கிரிக்கெட் மட்டையால் ஒருவன் நாலு பேரை அடித்துக் கொன்றால் மட்டையையும் தடை செய்வீர்களா என்று ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்பே வானொலியில் கேட்டார். பிறகு அதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. நினைத்துப் பார்: ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் காகிதக் கட்டோடு சில அம்மாக்கள்.

வென்றது காகிதக் கட்டு. 1997-இல் ஜான் மேஜரின் அரசு பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த டோனி பிளேயரின் அரசு மிச்சமிருந்த சிறுவகைக் கைத்துப்பாக்கிகளையும் சேர்த்துக்கொண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அன்றிலிருந்து பிரிட்டனில் எந்தப் பள்ளியிலும் அப்படியொரு துப்பாக்கிப் படுகொலை நடக்கவில்லை. அன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், பின்னாளில் விம்பிள்டன் கோப்பையைத் தூக்கிய ஆண்டி மர்ரி. ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் என்ன உறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? பாதுகாத்தால்தானே தெரியும்!

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். “நாட்டைத் திருத்துங்கள்” என்று கத்தினால் நாடு திரும்பிக்கூடப் பார்க்காது. கையெழுத்துப் போட வருகிறவன் நின்ற இடத்திலேயே படித்து முடிக்கிற அளவுக்கு உன் கோரிக்கையைச் சுருக்கு. கூராக்கு. பிறகு நீட்டு.

பன்னிரண்டு நாளில் நடந்தது பல வருட வேலை

டன்பிளேன் நடந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. 1996, ஏப்ரல் 28. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் வால்டர் மிக்காக் என்ற மருந்தாளரின் மனைவியும், ஆறு வயதும் மூன்று வயதுமான இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு.

துப்பாக்கிச் சட்டம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சட்டம் மிகத் தளர்வாக இருந்த இடங்களில் ஒன்று டாஸ்மேனியா. 1987-லேயே நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பாரி அன்ஸ்வொர்த், மாநிலங்கள் ஒத்துவராத கசப்பில் சொல்லிவிட்டுப் போனார்: டாஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடந்தால்தான் இந்த நாட்டில் சீர்திருத்தம் வரும் என்று. ஒன்பது ஆண்டுகள் கழித்து அது அப்படியே பலித்தது. எச்சரித்தவர் வாக்குப் பொய்த்திருக்கலாமே என்று நெஞ்சு பதறுகிறது.

பதவிக்கு வந்து இரண்டு மாதம் ஆன பிரதமர் ஜான் ஹோவர்ட் பன்னிரண்டே நாளில், மே 10 அன்று, எல்லா மாநிலங்களையும் ஓர் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார். அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு. வாங்க நியாயமான காரணம் காட்ட வேண்டும். மக்களிடமிருந்து துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழிக்க ஒரு தடவை மட்டும் கூடுதல் வரி போட்டார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் நசுக்கப்பட்டன.

ஹோவர்ட் இடதுசாரி அல்ல. பழமைவாதக் கட்சியின் தலைவர். கோபத்தோடு கூடி நின்றவர்கள் அவருக்கே ஓட்டுப் போட்ட கிராமத்து மக்கள். சேல் என்ற ஊரில் அவர்கள் முன்னால் பேசப் போனபோது கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. துணைப் பிரதமர் டிம் ஃபிஷரின் கட்சியோ முழுக்க முழுக்க விவசாயிகளை நம்பிய கட்சி. சொந்த வாக்காளர்களின் வசவை அவர் முகத்துக்கு நேராக வாங்கிக்கொண்டார். எதிரியை எதிர்ப்பதற்குத் தைரியம் வேண்டும்தான். சொந்தக்காரனிடம் “நீ சொல்வது தப்பு” என்று சொல்ல அதைவிட இரண்டு மடங்கு வேண்டும்.

பன்னிரண்டு நாளில் இது எப்படி முடிந்தது? ரெபேக்கா பீட்டர்ஸ் போன்றவர்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக இதே கோரிக்கைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள். எந்தச் சட்டத்தில் எந்த ஓட்டை என்று அவர்களுக்கு அத்துப்படி. யாரும் கேட்காத காலத்திலும் அவர்கள் வீட்டுப்பாடத்தை நிறுத்தவில்லை. ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டே இருந்தார்கள். விடிந்த அன்று சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விடை தயாராக இருந்தது. வால்டர் மிக்காக் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மகள்களின் பெயரில் அடுத்த ஆண்டே தொடங்கிய அறக்கட்டளை இன்றும் குழந்தைகளுக்காக வேலை செய்கிறது. மனிதன் எதையெல்லாம் தாங்குகிறான்! தாங்கியபின் எவ்வளவு உயரமாக எழுந்து நிற்கிறான்!

54-க்கு 46: ஜெயித்தும் தோற்ற நாள்

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

2012, டிசம்பர் 14. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், நியூடவுன் ஊர், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளி. ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேர், பெரியவர்கள் 6 பேர் கொல்லப்பட்டார்கள். இதற்கு மேலும் சட்டம் மாறாமல் இருக்குமா என்று உலகம் நினைத்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாஷிங்டனில் செனட்டர்களின் அறை வாசல்களில் நின்றார்கள். அவர்கள் கேட்டது, கண்காட்சியிலும் இணையத்திலும் துப்பாக்கி விற்றால் வாங்குகிறவனின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்பது. மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லின. 2013, ஏப்ரல் 17 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 54, எதிர்ப்பு 46. பெரும்பான்மை கிடைத்தது. ஆனால் செனட் விதிப்படி 60 தேவை. மசோதா செத்தது.

பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு பெண், உங்களுக்கு வெட்கமில்லையா என்கிற அர்த்தத்தில் சபையைப் பார்த்துக் கத்தினார். அவர் பெயர் பட்ரீசியா மைஷ். 2011-இல் டூசான் நகரில் ஒருவன் கூட்டத்தில் சுட்டு, ஒன்பது வயதுச் சிறுமி உட்பட ஆறு பேரைக் கொன்றபோது, அவன் மறுபடி நிரப்ப எடுத்த தோட்டா உறையை அவன் கையிலிருந்து பறித்த வீராங்கனை. அறுபதைத் தாண்டிய வயது அவருக்கு! துப்பாக்கிக்காரனின் கையிலிருந்து தோட்டாவைப் பறிக்க முடிந்தவரால், அன்று சபையிலிருந்து ஒரு சட்டத்தைப் பறிக்க முடியவில்லை.

இங்கேதான் பெரும்பாலோர் வீடு திரும்புவார்கள். இவர்கள் திரும்பினார்களா?

வாஷிங்டன் கதவு மூடியபோது மாநிலக் கதவைத் தட்டினார்கள். கனெக்டிகட் ஏற்கெனவே தன் சட்டத்தைக் கடுமையாக்கியிருந்தது. வேறு மாநிலங்களிலும் கேட்டார்கள். துப்பாக்கிக் கம்பெனிமீது வழக்குப் போட முடியாதபடி 2005-இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் செய்து வைத்திருந்தார்கள். ஒன்பது குடும்பங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. நீ துப்பாக்கி விற்றதற்காக வழக்கில்லை, அதை இளைஞர்களுக்கு விளம்பரம் செய்த விதத்துக்காக வழக்கு என்றன. ஏழு வருடத்துக்கும் மேலாக நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். 2022-இல் துப்பாக்கி தயாரித்த ரெமிங்டன் கம்பெனி தரப்பு 7 கோடியே 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

சாண்டி ஹூக் படுகொலைச் செய்தி வந்தபோது இந்தியானா மாநிலத்தில் ஷானன் வாட்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாய், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினார். அம்மாக்களே, வாருங்கள் என்றார். வந்தார்கள். இன்று ஐம்பது மாநிலங்களிலும் அந்தத் தாய்மார் இயக்கம் இருக்கிறது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, சட்டமன்றத் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், நின்றாலே போதும், உள்ளே போகிற உறுப்பினர் அந்த முகங்களைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு மசோதா தோற்றால் அடுத்த கூட்டத்தொடருக்கும் அதே சட்டையில் வருவார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டி சொன்னதை அந்த அம்மாக்கள் செய்து காட்டுகிறார்கள்.

“நீ சின்னப் பிள்ளை, பேசாதே!”

உனக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். பார்க்லாண்ட் பிள்ளைகளுக்கும் சொன்னார்கள்.

2018, பிப்ரவரி 14. ஃபுளோரிடா மாநிலம், பார்க்லாண்ட் ஊர், மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி. 17 உயிர்கள் போயின. சுட்டவனுக்கு 19 வயது. துப்பாக்கியைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். இரங்கல், பிரார்த்தனை, மெழுகுவத்தி என்று பெரியவர்கள் வழக்கமான சடங்கைத் தொடங்கினார்கள். தப்பிப் பிழைத்த பிள்ளைகள் அதை நடுவிலேயே நிறுத்தினார்கள். மூன்றே நாளில் எக்ஸ் கொன்சாலஸ் என்ற மாணவர், கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே ஒலிபெருக்கி முன் நின்று அரசியல்வாதிகளின் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார்.

பிப்ரவரி 20-ஆம் தேதி மாநிலச் சட்டமன்றம். போர்த்தன்மையுள்ள துப்பாக்கிகளைத் தடை செய்யும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கே 71 பேர் வேண்டாம் என்றார்கள், 36 பேர் வேண்டும் என்றார்கள். மாடத்தில் இருந்த பார்க்லாண்ட் மாணவர்கள் பார்த்துக்கொண்டே அழுதார்கள். தோழர்களைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை!

மறுநாளும் வந்தார்கள். பேருந்து பேருந்தாக வந்தார்கள். உறுப்பினர்களின் அறைக்குள் போய் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். மார்ச் 9 அன்று, துப்பாக்கிச் சங்கத்தின் செல்லப்பிள்ளை என்று பெயர் வாங்கிய ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்துப் போட்டார். எந்தத் துப்பாக்கி வாங்கவும் வயது 21. மூன்று நாள் காத்திருப்பு. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடமிருந்து துப்பாக்கியை எடுத்து வைக்க அதிகாரம். துப்பாக்கிச் சங்கம் அன்றைக்கே வழக்குப் போட்டது. எவ்வளவு வலித்திருக்கிறது பார்!

பிள்ளைகள் கேட்ட தடை கிடைக்கவில்லை. பள்ளி ஊழியர்கள் சிலர் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழிசெய்த பிரிவு ஒன்றும் அதே சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அரை வெற்றிதான். அரை வெற்றியைக் காலால் உதைக்கிறவன் முழு வெற்றியைக் காண மாட்டான். வாங்கிக்கொள், ரசீது போடு, மீதியைக் கேள்!

மார்ச் 24 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். கொன்சாலஸ் மேடையேறி, செத்துப்போன தோழர்களின் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்தினார். ஒரு வார்த்தை இல்லை. நேராகப் பார்த்தபடி நின்றார். கன்னத்தில் நீர் வழிந்தது. கூட்டம் புரியாமல் கைதட்டியது, கோஷம் போட்டது, பிறகு தானாக அடங்கியது. நிமிடங்கள் போயின. கடைசியில் கடிகாரம் ஒலித்தது. மேடையேறி 6 நிமிடம் 20 விநாடி. தோழர்களைச் சுட்டுக்கொல்ல அந்தக் கொலைகாரனுக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. கொன்சாலஸுக்கு வயது பதினெட்டு. உலகம் வாயடைத்துக் கேட்டது. இனி உன்னைப் பார்த்து எவனாவது “சின்னப் பிள்ளை” என்றால் என்ன பதில் சொல்வாய்?

கதவு திறக்காவிட்டால் நாற்காலியைப் பிடி

2012 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில், காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று தகராறு செய்த ஒருவன் ஜோர்டன் டேவிஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்றான். பையனின் அம்மா லூசி மெக்பாத் விமானப் பணிப்பெண். புற்றுநோயை இரண்டு முறை வென்றவர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சட்டமன்றங்களில் சாட்சி சொன்னார். பார்க்லாண்ட் நடந்தபின், கேட்டுக்கொண்டே இருந்தது போதும், ஓட்டுப் போடும் இடத்திலேயே நான் உட்காருகிறேன் என்று முடிவு செய்தார். போட்டியிட்டது ஜார்ஜியாவின் ஆறாவது தொகுதி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக எதிரணி அசைக்க முடியாதபடி வைத்திருந்த கோட்டை. 2018 நவம்பரில், மிகச் சொற்ப வித்தியாசத்தில், கோட்டை விழுந்தது. விமானத்தில் சீட் பெல்ட் போடச் சொன்ன கை, அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டது.

2022, மே 24. டெக்சாஸின் யுவால்டே ஊர், தொடக்கப்பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். பதினெட்டு வயது நிறைந்த கையோடு துப்பாக்கி வாங்கியவன் சுட்டான். தோழியின் ரத்தத்தைத் தன்மேல் பூசிக்கொண்டு, செத்ததுபோல் கிடந்து பிழைத்த 11 வயதுச் சிறுமி, இரண்டு வாரத்தில் நாடாளுமன்றக் குழுவுக்கு வீடியோவில் சாட்சி சொன்னாள். சாண்டி ஹூக் நடந்தபோது அந்த ஊரின் மக்கள் பிரதிநிதியாக இருந்த கிறிஸ் மர்ஃபி இப்போது செனட்டர். எதிர்க்கட்சியின் ஜான் கார்னினோடு பேச்சு நடத்தினார். ஜூன் 25 அன்று புதிய சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். 21 வயதுக்குட்பட்டவர் துப்பாக்கி வாங்கினால் கூடுதல் பின்னணிச் சோதனை. ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கும் மாநிலச் சட்டங்களுக்கு நிதி. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் தேசிய அளவில் வந்த முதல் பெரிய சட்டம்.

54-க்கு 46 என்று தோற்ற அந்த ஏப்ரலிலேயே மர்ஃபியும் அம்மாக்களும் வீட்டுக்குப் போயிருந்தால்? ஒன்பது ஆண்டு! தேர்வில் ஒரு முறை தவறினால் வாழ்க்கையே முடிந்தது என்கிறாயே தம்பி, ஒன்பது ஆண்டு நின்றவர்களைப் பார்!

மிச்சிகனிலும் அம்மி நகர்ந்தது. 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 15 வயதுப் பையன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைச் சில நாள் முன்புதான் அப்பா வாங்கிக் கொடுத்திருந்தார். பூட்டி வைக்கவில்லை. 2023-இல் அந்த மாநிலம் பூட்டி வைப்பதைச் சட்டமாக்கியது. 2024-இல் அந்தப் பையனின் அப்பா அம்மா இருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளை நடத்திய பள்ளிப் படுகொலைக்குப் பெற்றோர் குற்றவாளியானது அமெரிக்காவில் அதுவே முதல்முறை.

இன்றிரவு ஒரு போன்

இப்போது உன் முறை. உன் அக்காவோ சித்தப்பாவோ அங்கே இருக்கிறார்களா? பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்புமுன் அவர்கள் ஒன்று கேட்க வேண்டும்: “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?” குழந்தை மருத்துவர்களே இப்படிக் கேட்கச் சொல்கிறார்கள். நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். வந்த இடத்தில் எதற்கு வம்பு, தப்பாக நினைத்துக்கொள்வார்களே என்பார்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறார்களே, அப்போது கூச்சம் எங்கே போயிற்று? நல்ல பக்கத்து வீட்டுக்காரன் கேட்டதற்குச் சந்தோஷப்படுவான். முகம் சுளித்தால், உன் வீட்டிலேயே விளையாடட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். குடியுரிமை வாங்கியவர்கள் ஓட்டுப் போடட்டும். வாங்காதவர்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசட்டும். வரி கட்டுகிற ஊரில் வாயை மூடிக்கொண்டிருப்பது பணிவு ஆகாது.

இங்கே இருக்கிற உனக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. பள்ளி வாசலில் சீறிப் பாயும் லாரியா, திறந்து கிடக்கும் கிணறா, அது உனக்கே தெரியும். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. கிராம சபை கூடுகிறது. முதல் மனுவைக் குப்பையில் போடுவார்கள். இரண்டாவதைக் கோப்பில் போடுவார்கள். மூன்றாவது மனுவோடு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போ, நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்!

இன்றிரவே அக்காவுக்குப் போன் போடு. பேசி முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடு. உன் கோரிக்கையை ஒரே வரியில் எழுது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவருடைய பதவியை மேலே எழுது. கீழே உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடு. நாளைக் காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும். முதல் ஆளாக நீ நில்!